நாலு நிமிஷம்

திரையில் ஓடிய பங்கு விலை, தரகர் சொல்லும் விலையோடு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. நெட் கோளாறு என்று அதை நம்பாமலே வாங்கி விற்று, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மூன்றே மாதத்தில் மனைவியின் நகைகளை ஏப்பம் விட்டிருந்தார். இன்று நெட்டைச் சரிபார்க்க வந்த மெக்கானிக் கேபிளை மாற்றினார். பிறகு திரையைத் தன் போனில் வந்த விலையோடு ஒப்பிட்டார்.

"சார், இது லேட்டா வரல. நாலு நிமிஷம் முன்னாடியே வருது."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டா நெய்க்கு அலைந்தோம் என்று வாத்தியார் கசந்து சிரித்தார்.

அப்போது திரையில் ஓடிய விலைக்கோடு 11.42 மணியில் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மணி 11.38.

"மறுபடி நெட் போச்சா?"

"இல்ல சார், நெட் நல்லாத்தான் இருக்கு. 11.42-க்கு அப்புறம்தான் ஒண்ணுமே இல்ல." மெக்கானிக் அவசரமாகப் பையை மூடினார்.

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அவரை அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க, டீ போடுறேன்."