எதிர்மலை தெரிந்தால் போதும்

பதுளையில் புஹாரியின் கடை வாசலில் நின்று, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மாயாண்டி தூரக்கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துப் பார்த்தார். மலிவானதில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

“விலை கூடினத எடுங்க. கடல்ல போற கப்பலே தெரியும்,” என்றார் புஹாரி.

“நமக்கு எதிர்மலை தெரிஞ்சா போதுங்க. கொழுந்து எடுக்குறவங்கள மேலேருந்தே பார்க்கணும்.”

நடுத்தர விலையில் தெளிவாகத் தெரிந்ததை வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் யாருமில்லாத மலையில் ஏறி, எதிர்த்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை நோக்கினார். போன மாதம் அங்கே கட்டிக்கொடுத்த மகள் இருளாயி வாசலில் நின்றாள். அவள் கண்களை இன்னொரு தூரக்கண்ணாடி மறைத்திருந்தது. பக்கத்தில் மருமகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவளும் மாயாண்டியைக் கண்டுவிட்டாள். ‘அப்பா’ என்று அவள் வாய் அசைந்தது.

“சாப்பிட்டியாம்மா?” என்று மாயாண்டி நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.