பக்கத்து நாட்டு விலை

மகளின் பெட்டியில் ஒரு சக்கரம் சரியில்லை. பாலம் முழுக்க முனகிக்கொண்டே வந்தது.

இரண்டு நாடுகளுக்கும் பொதுவான சோதனைச் சாவடி பாலத்தின் நடுவில் இருக்கிறது. அதுவரை யார் வேண்டுமானாலும் நடந்து வரலாம். அதைத் தாண்ட முத்திரை வேண்டும்.

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்கப்பா. உங்க ரிப்போர்ட்டைப் படிச்சுட்டுத்தானே போறேன்" என்றாள்.

நேற்று வேலையை ராஜினாமா செய்திருந்தாள். அரசு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நிரந்தர வேலை. அந்த இடத்துக்கு நானூறு பேர் காத்திருக்கிறார்கள். விட்டால் விட்டதுதான்.

அவள் சொன்னது சரி. புள்ளிவிவரத் துறையில் என் வேலையே அதுதான். மாதம் ஒருமுறை பக்கத்து நாட்டுக்குப் போய், முட்டையிலிருந்து வீட்டு வாடகை வரை நாற்பது விலைகளை எழுதி வர வேண்டும். கடைசியில் அங்குள்ள மக்களின் மனப்போக்கு பற்றி அரைப் பக்கம்.

பத்திரிகைகள் அதை நம் விலைகளுக்குப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடும். முடிவெட்டும் கடையில் அதைப் படித்துவிட்டு நம் ஆட்கள் நம் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். அவனும் மனுஷன்தான், எப்படி வாழ்கிறான் பார் என்பார்கள்.

பதினோரு வருடமாக எழுதுகிறேன். சாவடியைத் தாண்டி ஒருமுறைகூடப் போனதில்லை.

முதல் மாதமே எதிர் வரிசையில் ஒருவரைப் பார்த்தேன். என் கையில் இருந்த மாதிரியே ஒரு படிவம் அவர் கையிலும் இருந்தது. அவர் நம் விலைகளை எழுதிப் போக வந்தவர். மனதுக்குள் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்தேன்.

இருவருக்குமே முழங்கால் வலி. நீங்கள் அங்கே போய், நான் இங்கே வந்து, எதற்கு இந்த அலைச்சல் என்று அவர்தான் கேட்டார். ஓர் ஊரின் விலை அந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதா என்ன. கைப்பிடிச் சுவரோரம் நின்று அவர் சொல்ல நான் எழுதினேன். பிறகு நான் சொல்ல அவர் எழுதினார். கால் மணி நேரத்தில் இரண்டு நாடுகளின் பொருளாதாரமும் முடிந்தது.

ஆற்றைப் பார்த்தபடி, நம்முடையதைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

ரொம்ப இல்லை. முட்டையில் கொஞ்சம். வாடகையில் சற்றுத் தாராளமாக. வெளியாளிடம் சொந்த வீட்டை விட்டுக்கொடுத்துப் பேச நாக்கு எழவில்லை.

நம் மக்கள் வரிசையில் இடிப்பதில்லை என்றேன். அரசு அலுவலகத்தில் ஒரே நடையில் காரியம் முடிந்துவிடும் என்றேன். தண்ணீர்க் குழாய் இணைப்புக்காக ஆறாவது நடை போய்விட்டு வந்திருந்தேன் அன்று.

அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

அவரை நான் சந்தேகித்ததே இல்லை. தயக்கமில்லாமல், காசு சுத்தமாகச் சொல்வார். நான் செய்த தப்பு அந்தப் பக்கத்துக் காகிதத்தில்தான் இருக்கிறது. என் மகள் படித்தது சுத்தமான காகிதம்.

அதனால்தான் அவளைத் தடுக்கவில்லை. நல்ல இடத்துக்குத்தான் போகிறாள்.

வரிசை நகர்ந்தது. எதிர் வரிசையில் எதிர்க்கட்சி நின்றுகொண்டிருந்தார். இன்று கையில் படிவம் இல்லை. தோளில் பெரிய பை. பின்னால் ஓர் இளைஞனும், தூங்கும் குழந்தையோடு ஒரு பெண்ணும்.

பையனும் மருமகளும் என்றார். இருந்த வீட்டை விற்றுவிட்டு வருகிறார்களாம். இனி உங்கள் ஊர்தானாம். சொன்னால் கேட்கவில்லை, எல்லாம் நான் எழுதியதைப் படித்துப் படித்து வந்த வினை என்றார்.

என் மகளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

அவர் என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"வாடகை நீங்க சொன்ன மாதிரிதானே சார்?"

குழந்தையின் ஒரு காலில் காலுறை இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அதே மாதிரிதான். உங்க பக்கம்?"

மகள் கடவுச்சீட்டை நீட்டினாள். முத்திரை விழும் சத்தம் கேட்டது.

"பேசிப் பார்த்தா இன்னுமே குறைப்பாங்க" என்றார்.

இத்தனை வருடமும் அவர் சொல்லும்போது நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றுதான் முகத்தைப் பார்த்தேன்.

ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்.

நானும் அப்படித்தான் சொல்வேன்.