கரடியின் விலாசம்

"அந்தக் கரடி எந்த ஊர்ல இருக்குதுன்னு மட்டும் சொல்லு பாய். மீதிய நான் பாத்துக்கிறேன்."

பட்டம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். தோளில், தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் உலக்கை.

சினிமாக் கூடாரத்து மேனேஜர் அப்துல் சமத் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். விடிந்ததிலிருந்து கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். படப்பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. ரயிலுக்கு இன்னும் அரை மணி நேரம்தான்.

பதினோரு நாளாக ஆம்பூரைத் தூங்கவிடாத படம் அது. சொத்துக்காக அண்ணனே மலையிலிருந்து உருட்டிவிட்ட தம்பி, கால் முறிந்து காட்டில் கிடக்கிறான். கிழங்கைத் தோண்டித் தின்று, இலையில் நிற்கும் பனித்துளியை நக்கி, நாற்பது நாள் தவழ்ந்தே ஊர் வந்து அண்ணன் கழுத்தைப் பிடிக்கிறான். நடுவில்தான் அந்தக் கரடிச் சண்டை.

கரடி இரண்டு காலில் எழுந்து நின்றபோது, தரை டிக்கெட்டில் இருந்த முந்நூறு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்ததில் திரையே முன்னால் புடைத்து வந்தது. ஆர்மோனியக்காரர் அழுத்திய கட்டையிலிருந்து விரலை எடுக்க மறந்து, மறுநாள் காலைவரை அப்படியே இருந்தார். அது உறுமிய உறுமலில் வாணியம்பாடி எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. இத்தனைக்கும் அது ஊமைப் படம்.

நிஜக் கரடிதானா என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவியே இது கலவை ஊர் ஆடு, இது காவேரிப்பாக்கம் ஆடு என்று சொல்லக்கூடிய ஆட்கள் பதினாறு பேர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சுத்தமான கரடித் தோலு. ஒட்டுவேல கிடையாது. அசல் கரடிதான்" என்று கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டார்கள். தோல் விஷயத்தில் ஆம்பூர் சொன்னால் லண்டனே வாயை மூடிக்கொள்ளும்.

"அண்ணி, வா வூட்டுக்குப் போலாம். போனது போச்சு" என்று பட்டம்மாளைக் கெஞ்சினான் ஆதிகேசவன்.

அவன் அவள் புருஷன் கன்னியப்பனின் தோஸ்த். நாலு வருஷத்துக்கு முன்னால் இருவரும் பட்டை உரிக்க ஒடுகத்தூர் மலையடிவாரத்துக்குப் போனார்கள். ஆதிகேசவன் மட்டும்தான் திரும்பி வந்தான். கன்னியப்பனைக் கரடி இழுத்துக்கொண்டு போனதை அவன் சொல்லச் சொல்ல ஊரே அழுதது. பதினாறாம் நாள் பட்டம்மாளின் தாலியைக் கழற்றினார்கள்.

"தங்கச்சி, ஒலகத்துல எத்தினியோ கரடி. உன் வூட்டுக்காரர எடுத்துக்கினு போனது இதுதான்னு இன்னா நிச்சயம்?" என்று கேட்டார் அப்துல் சமத்.

"இதேதான் பாய். பாத்ததுமே வயிறு பத்திக்கிச்சு."

வேலைக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். சைக்கிளை நிறுத்திய ஒருவர், "அந்த ஹீரோவே அத்த ஜெயிக்க அர மணி நேரம் ஆச்சு. நீ இன்னா பண்ணிடுவ?" என்றார்.

"அவன் கையில ஒலக்க இல்ல."

கூட்டம் வாயைப் பிளந்தது. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பதினோரு நாளும் பெண்கள் பக்கத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தவள் அவள். கரடி அடிபட்டு விழும்போது கூடாரமே கைதட்டும். பட்டம்மாள் மட்டும் எழுந்து நின்று, "எந்திரி. இன்னும் வாங்கு" என்பாள். ஹீரோவின் நடிப்பை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவே இரண்டாம் தடவை டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

"பொட்டி போயிட்டா அப்புறம் நான் யாரக் கேப்பேன் பாய்? சொல்லு. இன்னிக்கே ரயில் ஏறுறேன்."

அப்துல் சமத் அவளைக் கூடார மறைவுக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"இது வெளிய தெரிஞ்சா என் கூடாரத்தக் கொளுத்திடுவாங்க. கம்பெனில சத்தியம் வாங்கிக்கினாங்க. ஆனா நீ கொல பண்ணிட்டு ஜெயிலுக்குப் போறத நான் பாத்துக்கினு இருக்க முடியாது. கேளு. அது கரடி இல்ல. தோலு மட்டும்தான் கரடி. உள்ள ஒரு ஆளு."

பட்டம்மாள் கண் இமைக்கவில்லை.

"அந்த ஆளு எங்க இருக்கான்?"

"மெட்ராஸ்ல, பெரம்பூர். ரயில் ஷெட்டுக்குப் பின்னாடி மூணாவது வூடு. நல்ல மனுஷன் தங்கச்சி. அந்தத் தோலுக்குள்ள வெந்து வெந்து நடிச்சிருக்கான். போன மாசந்தான் கல்யாணம் கட்டிக்கினான். நீ கோவத்துல ஒண்ணு போட்டுட்டா, அந்தப் பொண்ணு கதி இன்னாவறது?"

பட்டம்மாள் உலக்கையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"உள்ள ஆளு இருக்கறது மொத நாளே தெரியும் பாய். ஒத வாங்கிக் கீழ வுழறதுக்கு முன்னாடி, கட்டாத வேட்டிய இழுத்து இழுத்துச் சொருகிக்குது உன் கரடி. அந்தக் கரடிக்குத்தான் நாலு வருஷமா நான் திவசம் குடுத்துக்கினு இருக்கேன்."

அப்துல் சமத் திரும்பி ஆதிகேசவனைத் தேடினார். அவன் பாலாற்று மணலில் பாதி தூரம் ஓடியிருந்தான்.