காற்புள்ளி சார்

"சார், இது வானொலி. பேசத்தான் நமக்குச் சம்பளம். வாயை மூடிக்கிட்டு உட்கார்றதுக்கு இல்லை."

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவள். எதிரே உட்கார்ந்திருந்த அறிவிப்பாளர் வயதில் அவளுடைய அப்பாவுக்குக் கொஞ்சம்தான் இளையவர். பின்னந்தலையைத் தடவிக்கொண்டார்.

விஷயம் இதுதான். காலை நேரலையில் மனிதர் தினமும், "வணக்கம்! எல்லாரும் எழுந்தாச்சா? உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். இசை கிடையாது, பேச்சு கிடையாது. அப்புறம், எதிரில் யாரோ பதில் சொன்ன மாதிரி, "சந்தோஷம்" என்று சொல்லிப் பாட்டைப் போடுவார். அலுவலகத்தில் அவருக்கு 'காற்புள்ளி சார்' என்றே பெயர்.

"அந்த நேரத்துல ரேடியோ ரிப்பேர்னு ஜனங்க அது தலையில தட்டிப் பார்க்கறாங்க சார். பாதிப் பேர் வேற ஸ்டேஷனுக்குத் திருப்பிடறாங்க."

"கேள்வி கேட்டா பதிலுக்கு நிக்கணுமில்லையா மேடம்?"

"ரேடியோவுக்கு எவன் சார் பதில் சொல்லப் போறான்?"

"யாராவது சொல்லுவாங்க மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. சின்ன வயதில் அவள் வீட்டுக்குக் கடிகாரமே இந்தக் குரல்தான். அப்பா கண்ணாடி முன்னால் முகத்தில் சோப்பு நுரையோடு நிற்பார். அம்மா அவளுக்குச் சடை பின்னுவாள். இவர் செய்தி வரப்போகிறது என்று சொல்வதற்குள் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நிற்க வேண்டும். இந்தக் குரலைக் கேட்டுத்தான் வானொலி வேலைக்கே ஆசைப்பட்டாள். அப்பேர்ப்பட்ட குரல் இப்படி வீணாகலாமா?

"நாளையிலேருந்து நீங்க கேள்வியை முடிச்ச உடனே இசை வந்துடும். ஆபரேட்டர்கிட்ட சொல்லிட்டேன். இனிமேலும் நிறுத்தினீங்கன்னா காலை நிகழ்ச்சியை வேற ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டி வரும்."

"ஒரு பாட்டு வேணா குறைச்சுக்கறேன் மேடம். அதை மட்டும்…"

"முடியாது சார்."

அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பெண் திடீரென்று லீவு போட்டுவிட்டாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு ஒரு கை விளங்கவில்லை. பேச்சு பாதிதான் திரும்பியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இழுத்துத்தான் பேசுவார். அம்மா காலமானபிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போர்வையை உதறி மடித்தாள். "நேத்தைக்கு இன்னிக்குத் தேவலைதான். ராத்திரி தூங்கினீங்களா? தூங்கியிருப்பீங்க. காபி ஆறிடும், குடிங்க. மாத்திரை எங்க? இருங்க, நானே எடுக்கறேன்."

அப்பா வாயைத் திறப்பதற்குள் அவள் அடுக்களையில் இருந்தாள். நல்ல பெண்தான். ஒரு வேலை பாக்கி வைக்க மாட்டாள்.

அப்பா தன் நல்ல கையால் ரேடியோவைப் போட்டார். நம் உத்தரவு நடக்கிறதா பார்ப்போம் என்று, கையைத் துடைத்தபடி அவளும் வந்து நின்றாள்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு யாரோ வந்துவிட்ட மாதிரி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"வணக்கம்! எல்லாரும் எழுந்தாச்சா? உடம்பு எப்படி இருக்கு?"

"இன்… னிக்கு…" என்று ஆரம்பித்தார் அப்பா.

சடாரென்று இசை வந்தது. ஆபரேட்டர் சொன்னபடியே செய்துவிட்டான் என்று அவளுக்குத் திருப்தி. அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னப்பா? என்கிட்டயா பேசினீங்க?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டி ரேடியோவைக் காட்டினார். அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தினம்… கேட்பார். நான்… சொல்லி முடிக்கிற… வரைக்கும்… இருப்பார். அப்புறம்தான்… 'சந்தோஷம்'பார்." அப்பா மூச்சு வாங்கிக்கொண்டார். "நீகூட… பல்லு விழுந்த வாயோட… 'நல்லாயிக்கேன் மாமா'ன்னு… கத்துவே."

சடையும் சோப்பு நுரையும் ஞாபகம் இருந்தன. இது எப்படி மறந்தது? ரேடியோ மாமாவுக்குக் காது கேட்கிறது என்று எத்தனை நாள் நம்பியிருந்தாள்!

அப்பா ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு… அவருக்கும்… அவசரம் போல."

நிகழ்ச்சி முடிந்ததும் அறிவிப்பாளருக்குப் போன் செய்தாள்.

"மேடம், மன்னிச்சுக்கணும்," என்று அவர் முந்திக்கொண்டார். "பாட்டு முடிஞ்சதும் பழக்கதோஷத்துல 'சந்தோஷம்'னு வந்துடுச்சு. நாளைக்கு அதுவும் வராது."

"நாளைக்கு இசைதான் சார் வராது. நீங்க பழையபடியே நிறுத்துங்க. கொஞ்சம் கூடவே நிறுத்துங்க. எங்கப்பா பதில் சொல்ல நேரமாகும்."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு மேடம்?"

கேட்டுவிட்டு, வழக்கம்போல நிறுத்தினார்.

தினமும் காலையில் அவளும் கேட்கிற கேள்விதான். அவளுக்குப் பதில் தெரியவில்லை.