ஜன்னலோர இருக்கை

சீனாவின் யுன்னான் மாகாணத்து மலைநகரம் ஒன்றுக்குச் சிறிய விமான நிறுவனம் ஒன்று விட்டிருந்த விமானத்தில் அன்று ஏற வந்தவள் சூ லான் மட்டும்தான். குறைமாதத்தில் பிறந்த மகளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். ஆள் சேராததால் அந்தச் சேவையை இந்த மாதத்தோடு நிறுத்தப்போவதாகப் பேச்சு.

"எங்களுக்காக மட்டுமா கிளப்புறீங்க?" என்று தயங்கினாள்.

"மலைரோட்டுல பஸ் குலுக்கலை இந்தப் பிஞ்சு தாங்காதும்மா, ஏறுங்க," என்றார் விமானி ஹான்.

மேகங்களுக்கு மேல் குழந்தை அயர்ந்து தூங்கியது. இறங்கியபோது நிலைய வாசலில் உறவும் தெருவும் திரண்டிருந்தன. சூ லான் துணியை விலக்கி முகத்தைக் காட்டினாள். கூட்டத்தில் இருந்த கர்ப்பிணி ஒருத்தி வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு ஹானிடம் வந்தாள்.

"அடுத்த மாசமும் வருவீங்களா?"

ஹான் நிறுவனத்தில் யாரையும் கேட்கவில்லை.

"வர்றப்போ ஜன்னலோரமா உட்காருங்க. மலை நல்லாத் தெரியும்."