உறை போட்ட தையல் மெஷின்

உறை போட்ட தையல் மெஷினின் மிதியை அவள் விடாமல் மிதிக்கிறாள். கீழே சக்கரம் கடகடவென்று சுற்றுகிறது. ஜன்னல் வெயில் உறையின் பூக்கள்மேல் விழுகிறது. உறைக்குள் இருப்பதோ தலையணை. பெண்களுக்கான தொழில் கடனில் அவள் பேரில் வாங்கிய மெஷினின் தலைப்பகுதியைக் கழற்றி விற்றுத் தின்ற புருஷன், வாசற்படியில் நகம் கடித்துக்கொண்டிருக்கிறான்.

“நல்லாதான் ஓடுது போல,” என்கிறார் பார்வையிட வந்த கடன் அதிகாரி. “உறையை எடுங்கம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.” அவள் உறையின் ஓரத்தைக் கீழே இழுத்துவிடுகிறாள். “தூசி படும் சார்.” அதிகாரி வாசலைப் பார்க்கிறார். “நீங்களாவது எடுங்களேன்.” புருஷன் நிமிரவில்லை. “அவ பேர்ல வாங்கினது சார். அவ பொருளை நான் தொடறதே இல்ல.” அதிகாரியே உறையின் நுனியைப் பிடிக்கிறார். அவள் கால் இன்னும் வேகமாக மிதிக்கிறது.