பச்சை நூல்

வெளிப்புறம் முடிந்துவிட்டது. மூன்று அடுக்கு.

இனி உட்புறம்.

மாவுக்கட்டுத் துணியில் இன்னொரு துண்டு நறுக்கித் தண்ணீரில் நனைத்தாள். பிழிந்தாள். விரலிடுக்கில் வெள்ளையாக வழிந்தது. எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். கைதான் போகவில்லை.

மேசைமேல் ஹெல்மெட் மல்லாந்து கிடந்தது. நடுவில் ஸ்கூட்டரின் ஒடிந்த கண்ணாடித் தண்டை நட்டிருந்தாள். அதைச் சுற்றிச் செப்புக் கம்பி. இதைச் சிற்பம் என்று சொல்லலாமா என்பதில் அவளுக்கு இன்னும் சந்தேகம். நோட்டில் நான்கு முறை வரைந்து நான்கையும் அடித்திருந்தாள்.

"ஏம்மா, ஹெல்மெட்டுக்கே மாவுக்கட்டா? எந்தச் செவத்துல போயி முட்டுச்சு?"

பக்கத்து மேசை எபனேசர் அண்ணன். மாலை வகுப்பில் யாரையும் சும்மா விடமாட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவளும் சிரித்துவைத்தாள்.

உள்ளே, நெற்றி படும் இடத்தில், பச்சை நூலில் ஒரு தையல்.

அவளுடைய சொந்த அண்ணனுக்குப் பெரிய தலை. புது ஹெல்மெட் இறுக்குகிறது என்று அவன் முனகியபோது, அம்மாதான் உள்மெத்தையைப் பிரித்து, பாதிப் பஞ்சை எடுத்துவிட்டுத் தைத்துக் கொடுத்தாள். கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது.

அன்று வண்டியை ஓட்டியவள் அவள். பின்னால் அண்ணன். ஆற்றுப் பாலம் ஏறும் முன் வண்டியை நிறுத்தச் சொன்னான். தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்து, வாரை இழுத்து மாட்டினான்.

இருந்தது அது ஒன்றுதான்.

மணல் லாரி.

அவள் கையில் மாவுக்கட்டோடு வீடு வந்தாள். அவன் வரவில்லை.

ஆளுக்கொன்று போட்டிருந்தோம், அவனுடையது தெறித்து எங்கோ போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னாள். எட்டு மாதமாக அதையே சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. அம்மா வருவாள். தான் போட்ட தையல் அவளுக்குத் தெரியாமலா போகும்?

மூடிவிட்டால் போதும். ஒரு துண்டுத் துணி.

"இன்னுமா முடியல?"

வாசலில் அம்மா. ஏழு மணிக்குக் கூட்டிப்போக வர வேண்டியவள். ஆறரைக்கே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து நின்றாள். மறைக்க நேரமில்லை.

அம்மா மேசையருகே வந்து குனிந்தாள். கண்ணாடித் தண்டைத் தொட்டாள். பிறகு விரல் உள்ளே இறங்கியது.

தையலில் நின்றது.

முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சுவரை மெல்லப் போனது.

"ஏட்டி, உனக்குன்னு வாங்குனதுதான இது?" என்றாள் அம்மா. எபனேசர் அண்ணனுக்கும் கேட்கும்படி. "அவனுது அன்னைக்கே ஆத்துல விழுந்துட்டுல்லா."

குரலில் ஒரு பிசிறு இல்லை.

ஆற்றில் விழுந்தது என்று அவள் அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மா அவள் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக்கொண்டாள். சுருக்கம் நீவினாள். இரு கையாலும் பிடித்து உள்ளே கொண்டுபோனாள், நேராக அந்தப் பச்சை நூலுக்கு மேல்.

அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்க வேண்டாம்மா."

அம்மா நிமிரவில்லை.

"அது தெரியட்டும்."

பக்கத்து மேசையில் சுத்தியல் சத்தம் நின்றது.

அம்மா துணியை மெல்ல வெளியே எடுத்தாள்.

"சரி," என்றாள் அம்மா. "மாவு இறுகுது. வேற எங்க வைக்கணும், சொல்லு."